மெஃபிஸ்டோவை மேடையேற்றுவது எப்படி

கொம்பு, வால், சூலம், சிவப்பு பல்பு. பிசாசு வேடம் என்றதும் நாடகக் குழுக்கள் முதலில் இந்த நான்கையும்தான் தேடுகின்றன. நான்கும் ஒன்றாக மேடையில் வந்தால் அரங்கில் சிரிப்புதான் கிளம்பும். பிசாசுக்கு ஆன்மாவை விற்ற அறிஞன் ஃபாஸ்டின் கதையில் வரும் பிசாசு மெஃபிஸ்டோஃபிலிஸுக்கு இந்தச் சாமான்கள் தேவையில்லை. அவன் படித்தவன், நாசூக்காகப் பேசுபவன், ஒப்பந்தம் போட வந்தவன். அவனைப் பார்த்து வயிறு கலங்க வேண்டுமானால், யாருமே இல்லாத இடத்தில் அவன் திடீரென நிற்க வேண்டும். நின்றவன் வழியாக வாளும் புகுந்து வெளியேற வேண்டும்.

இதற்கு வழி 19ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே கிடைத்துவிட்டது. 1858இல் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர் யோசனையைச் சொன்னார். அவர் சொன்னபடி செய்வதென்றால் அரங்கையே இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. ராயல் பாலிடெக்னிக் நிறுவனத்தின் ஜான் ஹென்றி பெப்பர், இருக்கிற மேடையிலேயே செய்யும்படி அதை எளிமையாக்கி, 1862 டிசம்பர் 24 அன்று நாவலாசிரியர் டிக்கன்ஸின் பேய்க்கதை ஒன்றை வைத்துக் காட்டினார். பெயர் ‘பெப்பரின் பேய்’ என்று அவர் பக்கமே நின்றுவிட்டது. டிஸ்னிலேண்டில் 1969இல் திறந்த பேய் மாளிகையின் நடனக்கூடம் இதே தந்திரம்தான். 2012இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசைவிழா மேடையில் மறைந்த ராப் பாடகர் டூபாக் தோன்றியதும் இதுதான். ‘ஹோலோகிராம்’ என்று செய்தியில் வந்ததே தவிர, அங்கே வேலை செய்தது சாய்த்துக் கட்டிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்.

விஷயம் இவ்வளவுதான்: பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவே 45 டிகிரியில் ஒரு கண்ணாடி. பக்கவாட்டில் ஒரு கறுப்பு அறை. அந்த அறையில் பிசாசு நடிகர். அவர்மேல் விளக்கு விழாதவரை கண்ணாடி இருப்பதே தெரியாது. விளக்கு விழுந்ததும் அவருடைய பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால், ஃபாஸ்டின் பக்கத்தில் நிற்கும். மந்திரத்தில் முக்கால்வாசி கறுப்புத் துணிதான்; கண்ணாடிக்குக் கால்வாசி கொடுக்கலாம்.

கண்ணாடி வாங்குவது

நிஜக் கண்ணாடி வேண்டாம். 8×4 அடி, 6 மி.மீ. கண்ணாடி சுமார் 45 கிலோ எடை. இருட்டில் ஆட்கள் நடமாடும் மேடைக்கு அது ஆகாது. அதே அளவு அக்ரிலிக் (ஒளிபுகும் பிளாஸ்டிக்) ஷீட் 21 கிலோதான், உடைந்தாலும் கழுத்தை அறுக்காது. 3 மி.மீ. விலை குறைவு என்று அதை எடுக்கத் தோன்றும். எடுத்தால் வளையும், பிசாசின் முகம் பொருட்காட்சி வேடிக்கைக் கண்ணாடியில் தெரிவதுபோல் அகன்று போகும். 6 மி.மீ.யே சரி. 10 மி.மீ.க்குப் போனால் வேறு சிக்கல்: ஷீட்டின் முன்முகமும் பின்முகமும் தனித்தனியே பிம்பம் தருவதால் உருவத்துக்கு ஓர் இரட்டை விளிம்பு விழும். 6 மி.மீ.யில் இந்த விலகல் நாலரை மி.மீ. அளவுதான், நான்கைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் கண்ணை உறுத்தாது. தடிமன் கூடக்கூட விலகலும் கூடும்.

ஷீட்டின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கடைசி ஒத்திகை வரை உரிக்காதீர்கள். உரித்த பிறகு ஈர மைக்ரோஃபைபர் துணி போதும். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் நீல திரவம், ஸ்பிரிட், தின்னர் மூன்றும் அக்ரிலிக்கை மங்கலாக்கும், நுண்ணிய விரிசல் விடும். காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி அரங்கத்துத் தூசி முழுவதும் வந்து அப்பிக்கொள்ளும். கண்ணாடி அங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் முதல் எதிரி அந்தத் தூசிதான்.

இடம் போடுவது

ஷீட்டை நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு கதவளவு இடம்தான் கிடைக்கும். இரண்டு பேர் அதில் அடங்க மாட்டார்கள். படுக்கை வசமாக, 8 அடி நீளம் தரைக்கு இணையாக வரும்படி நிறுத்துங்கள். ஃபாஸ்டின் படிப்பறையை ஒரு பெரிய ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் காட்சி அமையும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கால்கள் தெரியாது. பேய் தரையில் கால் ஊன்றுகிறதா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை, பிசாசுக்குக் குளம்பு செய்யும் வேலையும் மிச்சம்.

கீழ்க்காணும் அளவுகளில் இடது, வலது என்பதெல்லாம் பார்வையாளர் பக்கத்திலிருந்து.

ஜன்னல் திறப்பு 170 செ.மீ. அகலம், 115 செ.மீ. உயரம். கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.; அதற்குக் கீழே பிளைவுட் அடைப்பு. ஷீட்டின் இடது முனை ஜன்னல் சட்டத்தின் இடது ஓரத்தை ஒட்டி இருக்கட்டும். வலது முனை பின்னோக்கிப் போகட்டும். வலது முனைக்கும் ஜன்னல் தளத்துக்கும் உள்ள நேர் இடைவெளி 172 செ.மீ. என்றால் கோணம் 45 டிகிரி சரியாக விழுந்துவிட்டது; கோணமானி தேவையில்லை. ஷீட்டை 2×2 அங்குல ரீப்பர் சட்டத்தில் நான்கு பக்கமும் பள்ளம் போட்டு நிறுத்துங்கள். சட்டம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட். சட்டம் முறுக்கிக்கொண்டால் பிம்பமும் முறுக்கும். அறைப் பக்கம் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதன் பிம்பம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷீட்டின் மையத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு குறி போடுங்கள். எல்லா அளவும் இனி அங்கிருந்துதான்.

பிசாசு நடிகர்: வலப்பக்கம் 150 செ.மீ., பின்னால் 30 செ.மீ. அவருடைய பிம்பம் விழும் இடம்: பின்னால் 150, வலப்பக்கம் 30. இரண்டு எண்களும் இடம் மாறியதைக் கவனியுங்கள், 45 டிகிரியின் விதி அதுதான். ஃபாஸ்ட் நிற்பது பின்னால் 150, இடப்பக்கம் 40. அப்போது இருவரும் ஒரே ஆழத்தில், பக்கத்தில் பக்கமாக நிற்பார்கள். ஆழம் 20 செ.மீ. பிசகினால்கூடப் பக்கவாட்டு இருக்கையில் இருப்பவருக்கு பிசாசு வேறு உலகத்தில் நிற்பது தெரிந்துவிடும்.

இதே விதி நடிகரின் அசைவுக்கும். அவர் கண்ணாடியை விட்டு வலப்பக்கம் விலகினால் பிம்பம் மேடையின் ஆழத்துக்குள் போகும். அவர் பார்வையாளர் பக்கமாக ஓர் அடி வைத்தால் பிம்பம் இடப்பக்கம், அதாவது ஃபாஸ்டை நோக்கி நகரும். பிம்பம் அரங்கைப் பார்க்க வேண்டுமானால் நடிகர் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பிம்பம் ஃபாஸ்டைப் பார்க்க வேண்டுமானால் நடிகர் அரங்கு இருக்கும் திசைக்குத் திரும்ப வேண்டும். இது உடம்பில் ஏற இரண்டு மூன்று ஒத்திகை பிடிக்கும். தரையில் நான்கு நிறத்தில் டேப் ஒட்டி அசைவுகளைக் குறித்துவிடுங்கள்.

கறுப்பு அறை கண்ணாடியின் வலப்பக்கம், குறைந்தது 2×2 மீட்டர். சுவர், கூரை, தரை மூன்றும் கறுப்பு. வெல்வெட் கிடைத்தால் உத்தமம். இல்லையென்றால் தடித்த கறுப்புக் காடாத் துணி இரண்டு மடிப்பு. சாட்டினும் டெரிகாட்டனும் மினுங்கும், கூடாது. நடிகருக்கும் அவர் பின்னால் உள்ள துணிக்கும் நடுவே அரை மீட்டராவது இருக்கட்டும். ஒட்டி நின்றால் அவர் நிழல் துணியில் விழுந்து, அதுவும் மேடையில் வந்து நிற்கும். துணியில் ஒரு பொத்தல் இருந்து வெளிச்சம் கசிந்தால், பிசாசின் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும்.

ஜன்னலின் வலது ஓரத்திலிருந்து பின்னோக்கி 60 செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்புத் தட்டி வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் இடப்பக்க இருக்கையில் உள்ளவர்கள் பிம்பத்தையும் பார்ப்பார்கள், அறைக்குள் நிற்கும் அசலையும் பார்ப்பார்கள்.

இருக்கைகளுக்கு எல்லை உண்டு. ஜன்னலிலிருந்து 6 மீட்டர் தூரத்தில், மையத்திலிருந்து வலப்பக்கம் ஒன்றரை மீட்டர், இடப்பக்கம் இரண்டரை மீட்டர் வரைதான் முழு உருவமும் தெரியும். அறை இருக்கும் பக்கத்து ஓர இருக்கைகளுக்குத்தான் முதலில் உருவம் வெட்டுப்படும். அந்த இருக்கைகளைக் காலியாக விடுங்கள். டிக்கெட் விற்றுவிட்டுத் திட்டு வாங்காதீர்கள். முதல் வரிசையை 4 மீட்டருக்கு உள்ளே போடவும் வேண்டாம். முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் ஒருவரை உட்காரவைத்து, பிசாசின் தலை ஜன்னலின் மேல் விளிம்பில் வெட்டுப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கு

பெரும்பாலான முயற்சிகள் தோற்பது இங்கேதான். 45 டிகிரியில் ஷீட்டின் ஒரு முகம் ஒளியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் திருப்பும். இரண்டு முகமும் சேர்ந்து ஏறக்குறைய 10. மீதி ஊடுருவிப் போய்விடும். ஆகவே ஃபாஸ்டும் பிசாசும் ஒரே பளிச்சில் தெரிய வேண்டுமென்றால் பிசாசின்மேல் குறைந்தது பத்து மடங்கு ஒளி வேண்டும். ‘பேய் மங்கலாக இருக்கிறது’ என்றால் எல்லோரும் பேயின் விளக்கைத்தான் கூட்டுவார்கள். முதலில் ஃபாஸ்டின் விளக்கைக் குறையுங்கள்.

செல்போனில் லக்ஸ் (விழும் ஒளியின் அளவு) அளக்கும் செயலி இருந்தால் போதும். ஃபாஸ்டின் முகத்தில் 30 முதல் 40 லக்ஸ். பிசாசின் முகத்தில் 500 முதல் 600. நடைமுறையில் ஃபாஸ்டுக்குக் கறுப்புத் தாள் குழாய் மாட்டிய ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு, இடப்பக்கம் மேலிருந்து. பிசாசுக்கு இரண்டு 50 வாட் எல்.இ.டி. ஃபிளட் லைட்டில் தொடங்கி, மீட்டர் சொல்கிற வரை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

ஃபிளட் லைட்டுகளை அறையின் தரையில், ஜன்னல் அடைப்பின் 75 செ.மீ. உயரத்துக்குக் கீழேயே, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நடிகரை நோக்கி வையுங்கள். விளக்கு அந்த உயரத்துக்கு மேல் எழுந்தால் விளக்கின் பிம்பமும் காட்சிக்குள் வரும். கீழிருந்து ஒளி விழுவதால் புருவத்தின் நிழல் நெற்றியில் ஏறும். பிசாசுக்கு வேண்டிய முகம் இலவசமாகக் கிடைக்கும்.

ஃபாஸ்டுக்குப் பின்னால் இடது பாதியில் புத்தக அலமாரி, மண்டை ஓடு, உலக உருண்டை என்று எதுவும் வைக்கலாம். பிம்பம் விழும் வலது பாதி வெறும் கறுப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒரு வெள்ளைச் சுவர் இருந்தால் அது பிசாசின் மார்பு வழியாகத் தெரியும்.

படிப்படியாகத் தோன்றச் செய்வதற்கு மலிவான ஃபிளட் லைட்டில் வழி கிடையாது. மங்கலாக்கும் வசதி அதில் இருக்காது. ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிப் பார்க்கும் யோசனை யாருக்காவது வரும். மினுக்கும், விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சுற்று எரிந்து போகும். அதற்குப் பதில் விளக்கின் முன் ஒரு கறுப்பு அட்டைப் பலகை. அதை ஐந்து விநாடியில் மெதுவாக நகர்த்தினால் பிசாசு காற்றிலிருந்து திரண்டு வருவான். போகும்போது மெதுவாக வேண்டாம், பலகையை ஒரே மூச்சில் இறக்குங்கள். வருவதற்கு ஐந்து விநாடி, மறைவதற்கு ஒரு நொடி: இந்த விகிதம் மாறினால் பயம் போய்விடும். விளக்கை எரியவிட்டே பலகையை மட்டும் இயக்குங்கள். சுவிட்ச் தட்டும் ‘டிக்’ சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும்.

உடை, அரிதாரம்

இந்தத் தந்திரத்தில் கறுப்பு உடை என்றால் உடையே இல்லை. கறுப்பு ஒளியைத் திருப்பாது. கறுப்பு அங்கி போட்டவரின் தலையும் கைகளும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதுவே வேண்டுமென்றால் நல்லது. முழு உருவம் வேண்டுமென்றால் ஜெர்மன் கவிஞர் கதேயின் ‘ஃபாஸ்ட்’ நாடகத்திலேயே விடை இருக்கிறது. 1808இல் வெளியான முதல் பாகத்தில், மெஃபிஸ்டோ பிரபு வேடத்தில் வரும்போது தன் உடையைத் தானே வர்ணிக்கிறான்: பொன் கரையிட்ட சிவப்பு உடை, விறைப்பான பட்டுச் சிறுமேலங்கி, தொப்பியில் சேவல் இறகு, நீண்ட கூரிய வாள். இதில் பொன் கரையை விட்டுவிடாதீர்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு எல்லா நிறத்துக்கும் முன்னால் கறுத்துப்போவது சிவப்புதான். நாலு விரல் அகலச் சரிகை ஓரங்களில் ஓடினால் உருவத்தின் வெளிக்கோடு நிற்கும். சிவப்புத் துணிக்கு வெல்வெட் வேண்டாம், அடர்சிவப்பும் வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு சாட்டின். அறைச் சுவருக்குக் கூடாத மினுக்கம் உடைக்கு வேண்டும்.

முகத்தில் வெளிறிய மஞ்சள் பூச்சு. புருவத்தின் வெளிமுனையை இரண்டு செ.மீ. மேலே தூக்குங்கள், அசல் புருவத்தைப் பசைக்குச்சியால் படியவைத்து மேலே பூச்சு. நெற்றியின் நடுவில் முடி கூம்பாக இறங்கட்டும், தாடி கூர்மையாக, கிரேப் முடியும் (ஒட்டுத் தாடிக்கான முடி) ஸ்பிரிட் கம்மும் (அதைத் தோலில் ஒட்டும் பசை) போட்டு. கன்னத்து நிழலில் எல்லோரும் தவறுவார்கள். வழக்கமாகக் கன்ன எலும்புக்குக் கீழே கருமை தீட்டுவோம். இங்கே ஒளி கீழிருந்து வருவதால் அந்த இடம்தான் அதிகம் வெளிச்சம் வாங்கும், தீட்டியது காணாமல் போகும். எலும்புக்கு மேலே தீட்டுங்கள்.

சிவப்பு ஒளித்தாள் போடும் ஆசையை அடக்குங்கள். சிவப்பு ஒளியில் சிவப்பு உதடும் சிவப்புக் கோடுகளும் தோலோடு கரைந்துவிடும். வெள்ளை ஒளியே போதும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்தில் போடும் பான்டோமைம் என்ற வேடிக்கை நாடக மரபில் அரக்க ராஜாவுக்குப் பச்சை ஒளி. அது முகத்துக்கு அருமையாக எடுபடும். ஆனால் சிவப்பு உடையைக் கரி ஆக்கிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

கண்ணாடி இடம் வலம் மாற்றும். வலது கையில் பிடித்த வாள் இடது கையில் தெரியும். ரத்தத்தில் கையெழுத்து வாங்கும் காட்சியில் மெஃபிஸ்டோ தாளை நீட்டுவது எந்தக் கையால் என்று முன்பே தீர்மானியுங்கள். இடது கையாகத் தெரிவதே எனக்குப் பிடித்தது. ஐரோப்பிய மரபில் தீமைக்கு இடது பக்கம், பான்டோமைமில் அரக்கன் நுழைவதும் நடிகரின் இடப்பக்கம்தான் (பார்வையாளருக்கு அது வலம்). தாள் பிம்பத்தில் மட்டுமே இருப்பதால் ஃபாஸ்ட் அதை வாங்க முடியாது. அவர் மேசையில் ஒரு நிஜத் தாள் முன்பே இருக்க வேண்டும். பிசாசு விரலால் சுட்டிக்காட்டினால் போதும்.

ஒத்திகை

ஃபாஸ்டாக நடிப்பவருக்குப் பிசாசின் பிம்பம் தெரியவே தெரியாது. அவர் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார், அவர் பக்கத்தில் வெறும் காற்றுதான். பழகாத நடிகர் பார்வை பிசாசின் காதுக்கு மேல் எங்கோ போகும். வலப்பக்கக் கறுப்புத் துணியில், பிசாசின் கண் உயரத்தில் ஒரு சிறு கருநீலப் பொத்தானைத் தைத்துவையுங்கள், அதைப் பார்த்துப் பேசட்டும். எங்கே தைப்பது என்பதைப் பார்வையாளர் இருக்கையில் உள்ளவர்தான் சொல்ல முடியும்.

வாள் வீச்சு இந்தக் காட்சியின் உச்சம். ஃபாஸ்ட் வாளை நீட்டும்போது அது பிசாசின் விலாவில் நுழைந்து முதுகில் வர வேண்டும். மெல்ல வீசினால் வாளின் மேலேயே பிசாசின் சரிகை ஓடுவது தெரியும், மினுங்கும் வாளாக இருந்தால் இன்னும் மோசம். சாம்பல் பூசிய மர வாள், வேகமான ஒரே குத்து. குத்து விழும் கணத்தில் பிசாசு சிரிக்க வேண்டும்; அந்தச் சிரிப்பு அரை விநாடி தாமதமானாலும் இருவரும் வேறு வேறு இடத்தில் இருப்பது அம்பலமாகும். ஒத்திகையில் ஒருவர் வாய்விட்டு எண்ணுங்கள், மேடையில் ஃபாஸ்டின் வசனத்தில் ஒரு குறிப்பிட்ட சொல்லையே சைகையாக வையுங்கள். நடிகர் ஹென்றி இர்விங் 1885இல் லண்டன் லைசியம் அரங்கில் ஃபாஸ்ட் போட்டபோது வாள்கள் மோதும் இடத்தில் மின்பொறி பறக்கவிட்டார். அதை யாரும் நகலெடுக்க வேண்டாம்.

குரல் இன்னொரு பொறி. பிசாசு நடுவில் தெரிகிறான், குரலோ வலப்பக்கத் துணிக்குள்ளிருந்து வருகிறது. காது உடனே கண்டுபிடித்துவிடும். நடிகருக்குக் காலர் மைக் கொடுத்து, ஃபாஸ்டின் மேசைக்கடியில் ஒரு சிறு ஸ்பீக்கரை ஒளித்துவையுங்கள். ஃபாஸ்டின் குரலும் அக்ரிலிக்குக்குப் பின்னால் அமுங்கும், அவருக்கும் மைக் வேண்டும்.

முதல் காட்சியிலேயே முழு உருவத்தையும் கொட்டிவிடாதீர்கள். இதே கதையை வைத்து ஆங்கில நாடகாசிரியர் மார்லோ எழுதிய நாடகத்தில் முதலில் வந்த கோர உருவத்தைப் பார்த்த ஃபாஸ்டஸ், போய் ஒரு வயதான பிரான்சிஸ்கன் துறவியாக வா, பிசாசுக்கு அந்தப் புனித வேடம்தான் பொருத்தம் என்று திருப்பி அனுப்புகிறான். கதேயிடமும் முதலில் நாய், பிறகு மாணவன், அதன் பிறகே சிவப்பு உடைப் பிரபு. முதல் முறை கைகள் மட்டும், அடுத்து முகம், மூன்றாவது முறை முழு உரு என்று பிரித்தால் ஒவ்வொரு முறையும் அரங்கு அடங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து காட்டினால் பார்வையாளர் கண் கண்ணாடியைத் தேட ஆரம்பிக்கும்.

தவக்காலத்தில் பாஸ்கா நாடகம் (இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம்) போடும் தேவாலயப் பங்குகளில், பாலைவனத்தில் இயேசு சோதிக்கப்படும் காட்சிக்கும் இதே அமைப்பு அப்படியே பொருந்தும். ஜன்னலைப் பாறைக் குகையின் வாயாக மாற்றினால் போதும். ஆனால் திறந்தவெளி மேடையில், வளாகத்தின் டியூப்லைட்டுகளை அணைக்காமல் முயல வேண்டாம். அங்கே பிசாசு வரமாட்டான்.

புகையும் பாதுகாப்பும்

அறைக்குள் கொஞ்சம் சாம்பிராணிப் புகை இருந்தால் பிசாசைச் சுற்றி ஒளி படலமாகத் தெரியும், அழகு. தணலை அறைக்கு வெளியே வைத்து, புகையை மட்டும் தட்டால் விசிறி உள்ளே விடுங்கள். உள்ளே இருப்பது முழுக்கத் துணி. கண்ணாடிக்கும் பார்வையாளருக்கும் நடுவே புகை போனால் எல்லாம் வெளுத்துவிடும். உலர்பனி கூடவே கூடாது. அது விடும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய சிறு அறையில் தரையிலிருந்து தேங்கி ஏறும். உள்ளே நிற்பவருக்கு மூச்சு முட்டும். 1820இல் லண்டன் மேடையில் ரத்தக்காட்டேரி மறைவதற்காகப் பயன்பட்ட ஸ்பிரிங் பொறிக்கதவு, எளிதில் தீப்பற்றும் லைகோபோடியம் தூளால் எழுப்பும் தீப்பிழம்பு போன்ற பழைய வித்தைகளையும் பயிற்சி இல்லாத குழுக்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

இரண்டு ஃபிளட் லைட்டும் கறுப்புத் துணியும் சேர்ந்தால் அறை பத்து நிமிடத்தில் அடுப்பாகும், அரிதாரம் வழியும். கூரைத் துணிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், அதன் மேலே இன்னொரு துணி தொங்கட்டும். காற்று போகும், ஒளி போகாது. மேசை ஃபேன் வைத்தால் துணி ஆடி, மேடையில் இருட்டே அலையடிக்கும். அறையின் பின்வழியைக் கொக்கி போட்டு மூடாதீர்கள், துணி மடிப்பாகவே இருக்கட்டும். நடிகர் ஒரு கையால் தள்ளி வெளியேற முடிய வேண்டும், அந்த வழியில் ஒயர் எதுவும் கிடக்கக் கூடாது.

காட்சி முடிந்து விளக்கு எரியுமுன் ஷீட்டின் முன்னால் திரை விழ வேண்டும். அரங்க விளக்கு எரிந்துவிட்டால் முதலில் பளபளக்கப்போவது எட்டடி பிளாஸ்டிக்தான். கழற்றிய ஷீட்டை இரண்டு பழைய போர்வைகளுக்கு நடுவே செங்குத்தாகச் சாய்த்துவையுங்கள். படுக்கப் போட்டு மேலே தட்டிகளை அடுக்கினால் அடுத்த நாடகத்துக்குக் கீறலும் வளைவும்தான் மிஞ்சும்.